மெத்தைக் கடையில் சாரல்

எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையில் ஒரு பள்ளம் இருந்தது. வெட்டியவன் நான்தான். மண்வெட்டி எதுவும் பிடிக்கவில்லை. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் படுத்தேன், அவ்வளவுதான். உழைப்பு என்று என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் தேறும். மனைவி எந்த ஓரத்தில் படுத்தாலும் விடிவதற்குள் உருண்டு என்மேல் வந்து விழுவாள். அதைப் பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரிவு என்று டாக்டர் சொன்னார்.

அவளுக்கு இடுப்புவலி வந்து, காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. பஞ்சு மெத்தையை விட்டுவிட்டு ஃபோமோ லேட்டக்ஸோ வாங்குங்கள், ஆனால் படுத்துப் பார்த்து வாங்குங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று அவள் தரையில் பாயை விரித்தாள். மார்கழியில் கீழே இறங்கியவள் ஆனி பிறந்தும் மேலே ஏறவில்லை. நான் மட்டும் வற்றிய குளத்து எருமை மாதிரி பள்ளத்தில் தனியாகக் கிடந்தேன். முழுப் பள்ளமும் எனக்கே என்ற பெருமை இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது.

ஒருவழியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் போனோம். செண்பகத்தோப்புப் பக்கம் மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் இடுப்புக்குக் கைப்பையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை மூடினாள். நான் மலையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு வாங்கும் மெத்தை இவளைக் கட்டிலுக்குக் கொண்டுவராவிட்டால் வேறெதுவும் கொண்டுவராது என்று பட்டது.

கடை தென்காசி ரோட்டில். முன்பக்கம் முழுக்கத் திறப்பு. மெத்தைகள் வரிசையாக ரோட்டைப் பார்த்துக் கிடந்தன. விற்பனைக்கு நின்ற இளம்பெண் முதல் மெத்தையைத் தட்டிக் காட்டினாள்.

"இது மெமரி ஃபோம் அக்கா. ஒடம்பு பதிஞ்ச எடத்த அப்படியே ஞாபகம் வச்சுக்கிடும்."

"அய்யோ வேண்டாம் தாயி. இவுக பதிஞ்சத ஒரு மெத்தை ஞாபகம் வச்சுக்கிட்டுத்தான் நான் தரையில கெடக்கேன்."

"அப்ப லேட்டக்ஸ் பாருங்க. ரப்பர் பால்ல செய்யறது. அமுக்குனா திரும்ப எந்திச்சுரும். நம்ம வெக்கைக்குச் சூடும் ஏறாது. படுத்துப் பாருங்கக்கா."

அவள் படுக்கவில்லை. சப்பாத்தி மாவுக்குப் பதம் பார்ப்பதுபோல விரலால் அமுக்கினாள்.

"கை அமுக்குனா இடுப்புக்குத் தெரியுமா? செத்த நேரம் படு ஏட்டி," என்றேன்.

"ரோட்டப் பாத்துப் படுக்கச் சொல்லுதீகளா? பஸ்ஸுல போறவுக பூராம் நம்ம ஊரு ஆளுக. நாளைக்கே ஒரு கல்யாண வீட்டுல, 'ஒன்னைய மெத்தைக் கடையில மல்லாக்கப் பாத்தேன்'ம்பாக. நீங்க படுத்துச் சொல்லுங்க."

அவள் இடுப்புக்கான மெத்தையை என் இடுப்பு சோதிப்பது என்று முடிவாயிற்று. முதல் மெத்தையில் படுத்தேன். நல்லாருக்கு என்றேன். அடுத்ததும் நல்லாருந்தது. அதற்கடுத்ததும்.

"இவுகளக் கருங்கல் ஜல்லியில போட்டாலும் நல்லாருக்கும்பாக," என்று அவள் அந்தப் பெண்ணிடம் முறையிட்டாள். "இவுக பேச்ச நம்பி நான் என்னத்த வாங்க?"

நியாயமான கேள்வி. பதிலை யோசிக்கக் கண்ணை மூடியவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

மெத்தை மெல்லக் கிளம்பி ரோட்டுக்கு மேலே மிதந்தது. கீழே பஸ்கள் வாயைப் பிளந்து பார்த்தன. கண்டக்டர் ஒருவர், "படுத்தவாக்குலயே உள்ள தள்ளிப் போங்க" என்றார். வன்னியம்பட்டி விலக்கு நகர்ந்தது, பருத்திக்காடு வெள்ளையாக நகர்ந்தது. மெத்தையின் ஓரத்தில் அவள் காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு வந்தாள். இடுப்புக்குப் பை இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மலை தூக்கத்திலேயே கொஞ்சம் புரண்டு எங்களுக்கு இடம் கொடுத்தது. மேகம் என் மூக்கில் ஈரமாக ஒட்டியது.

நிஜமாகவே ஈரம். சாரல் அடித்தது. "மெத்தை நனைஞ்சுரும்" என்று அந்தப் பெண் ஓடிப்போய் வாசலில் நீலப் படுதாவை இறக்கினாள். ரோடு காணாமல் போனது. கடை முழுக்க நீலமாகி, மெத்தைகளெல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிந்தன. நான் அரைக்கண்ணால் பார்த்தேன். மனைவி படுதாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கணுக்காலோடு ஒதுக்கிக்கொண்டு, இரண்டு மெத்தை தள்ளியிருந்த லேட்டக்ஸில் மெதுவாகச் சாய்ந்தாள்.

அவள் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மார்கழிக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள். ஆகவே நான் தூங்கவேண்டும். நான் தூங்குவதென்றால் குறட்டை விட்டாகவேண்டும். ஆரம்பித்தேன். சிக்கல் என்னவென்றால், ஊரெல்லாம் கேட்ட என் குறட்டையை நான் மட்டும் கேட்டதில்லை. சைலன்சர் போன மொபெட் மாதிரி இருக்கும் என்று ஒரு உத்தேசத்தில் ஓட்டினேன்.

"நடிச்சது போதும்," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "ஒங்க கொறட்ட இதுல்ல. அது ஏத்தத்துல ஏறமாட்டாமத் திணறும். இது பாட்டுக்கு நேராப் போகுது."

தலையணை அடுக்குக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் சிரிப்புச் சத்தம் வந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் எழவில்லை. இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், எதையும் பிடிக்காமல்.

"வலி எட்டிப் பாக்கல. இன்னும் ஒரு சோலி பாக்கி. இங்க வந்து படுங்க."

"இங்கயா?"

"வீட்டுல விழுகுத மாதிரி தொப்புன்னு விழுங்க. நான் உருளுதேனான்னு பாக்கணும்."

விழுந்தேன். அந்தப் பெண் அவசரமாக முதுகைக் காட்டிக்கொண்டு தலையணை உறைகளை மடிக்க ஆரம்பித்தாள். எனக்கடியில் மெத்தை அமுங்கியது. ஆனால் அமுங்கல் என்னோடு நின்றுவிட்டது.

"பெரளுங்க."

புரண்டேன். அவள் அசையவில்லை. இந்தப் பக்கமும் புரண்டு காட்டினேன். ஒரு முழம் தள்ளி, படுத்த இடத்திலேயே இருந்தாள்.

"இதுதான்," என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே லேசான கலக்கம். சரிவு போயிற்று. இனி என் பக்கம் வருவதென்றால் அவளாக நினைத்துத்தான் வரவேண்டும். படுதாவில் சாரல் தட்டும் சத்தம் குறைந்து குறைந்து நின்றது.

"மழ விட்டுருச்சுக்கா. படுதாவத் தூக்கிரவா?"

நான் எழப்போனேன். என் சட்டை நுனியை ஒரு கை பிடித்துக்கொண்டது.

"செத்த நேரம் பொறுத்துத் தூக்கு தாயி," என்றாள்.