நாங்கள் ஒருவர் பாடத்தை ஒருவர் பார்த்த சனிக்கிழமைகள்

மலையாள தேசத்தில், ஆரியசாலையில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒரு மிளகாய்க் கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது. காலையில் கீழே மூட்டை பிரித்தால் மேலே எல்லா வகுப்பிலும் தும்மல் தொடங்கும். அது ஓயும்வரை பாடம் நடக்காது. சாலைக் கடைவீதியில் கடை வைத்திருந்த தமிழ் வியாபாரிகள் சிலர், தங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் தமிழில் நாலெழுத்துப் படிக்கட்டும் என்று சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடம் அது. யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், டிரெயினிங் முடித்த கையோடு நான் அங்கே இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். ஐந்து டீச்சர்களில் நான்தான் கடைசி.

வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் மறைப்பு. பக்கத்து டீச்சரின் குரல் நாள் முழுக்கக் காதில் விழும். ஆனால் அவர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை. பார்த்தால் கோள் சொல்லப் பார்ப்பதாக நினைப்பார்கள்.

நான் சேர்ந்த மறு வருஷம் எங்களுக்கு ஒரு புது ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சத்தமாகச் சிரிப்பார். வந்த ஒரு மாதத்தில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"ஒரே கூரைக்குக் கீழ அஞ்சு பேரு இருக்கோம். ஒருத்தி செய்யது இன்னொருத்திக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறாரு. நமக்குள்ள நாம பாத்துக்கிட்டா என்ன?"

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு வகுப்புப் பிள்ளைகளை மட்டும் இருக்கச் சொல்வது. அவர்களுக்கு வெல்லம் போட்ட அவல் உண்டு. ஒரு டீச்சர் பாடம் நடத்த வேண்டும். மற்ற நாலு பேரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் போன பிறகு பேச வேண்டும்.

"டீச்சரைப் பத்தி ஒண்ணும் சொல்லண்டாம். பிள்ளைகள் என்ன செஞ்சுது, அதை மட்டும் சொல்லுங்க. இங்க பேசினது இங்கேயே இருக்கட்டும். முதல் பாடம் நான் எடுக்கேன்."

கணக்கு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்தான் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். கோட்டைக்குள் அக்கிரகாரத்துத் தெரு ஒன்றிலிருந்து தலையில் முக்காடோடு நடந்தே வருவார். விவரம் தெரியாத வயதில் கல்யாணமாகி, விவரம் தெரியும் முன்பே விதவையானவர். தெருவே வாய்க்கு வந்தபடி பேசியதைப் பொருட்படுத்தாமல் அவருடைய அப்பா டிரெயினிங் ஸ்கூலுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அந்த அப்பாவும் காலமான பிறகு, ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு அவருடையது. அவரிடம் படித்த பெண்ணுக்கு மனக்கணக்கு தப்பாது என்று சாலைக் கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

முதல் சனிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் நான்காம் வகுப்புக்குப் பூகோளம் எடுத்தார். எனக்குப் பிரமாதமாகப் பட்டது. அவர் கையை விரித்தால் கடல் வந்தது, மலை வந்தது. பேச உட்கார்ந்தோம். நான் "ரொம்ப நல்லா இருந்தது டீச்சர்" என்றேன்.

"அது என்னைப் பத்தி. பிள்ளைகளைச் சொல்லு."

அப்போது கணக்கு டீச்சர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "கடைசி வரிசையிலே ஒரு குழந்தைகூட சுவத்திலே மாட்டின தேசப்படத்தைப் பார்க்கலை. உங்க கையைத்தான் பார்த்துண்டிருந்தது. மலையாளத்திலே என்னவோ கேட்டுது ஒண்ணு. நீங்க கவனிக்கலை."

ஹெட்மிஸ்ட்ரஸ் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "என்ன கேட்டுது?" என்றார்.

"ஆறு எதுக்கு மேலேர்ந்து கீழே வரதுன்னு."

"நான் அதைச் சொல்லவே இல்லியே."

"இல்லை."

ஹெட்மிஸ்ட்ரஸ் சத்தமாகச் சிரித்தார். சிரித்துவிட்டு அதே பாடத்தைத் திங்கட்கிழமை மறுபடி எடுத்தார். கணக்கு டீச்சரைத் தட்டியைத் தாண்டித் தன் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னார். அதன் பிறகு கணக்கு டீச்சர் முகத்தைத் திருப்பவில்லை.

மெல்ல மெல்ல அது எங்களுக்குப் பழகியது. நான் எவ்வளவு வேகமாகப் பேசுகிறேன் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. கேள்வி கேட்டுவிட்டு நானே பதிலையும் சொல்லிவிடுகிறேன் என்பதும் அங்கேதான் தெரிந்தது. தையல் டீச்சர், இடது கைப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கத் தனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று ஒரு நாள் சொல்லி, எங்களிடமே யோசனை கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பழவங்காடி வழியாக வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு மனசு லேசாக இருக்கும். கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம்கூட எனக்காகக் கேட்பதுபோல இருக்கும்.

கணக்கு டீச்சரின் முறை வந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழிப்பது. ஒன்றின் இடத்தில் போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று அவர் சொல்ல, பிள்ளைகள் சிலேட்டில் மளமளவென்று போட்டார்கள். ஒரு விடைகூடத் தப்பில்லை. பாடம் முடிந்து பிள்ளைகள் அவல் தின்றுகொண்டிருந்தபோது, ஹெட்மிஸ்ட்ரஸ் தன் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் சும்மா கேட்டார். எந்தப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார். "பத்து எங்கேருந்து வந்துது மக்களே?"

"பக்கத்து வீட்டுலேருந்து."

"அப்புறம்?"

அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "அவங்க பாவம் டீச்சர். திருப்பிக் குடுக்கவே இல்ல."

நாங்கள் சிரித்துவிட்டோம். கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் சிலேட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிள்ளைகள் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இத்தனை வருஷமா நான் தப்பாச் சொல்லிக்குடுத்திருக்கேன். விடை வந்துடறது. ஆனா அதுகளுக்கு ஒண்ணுமே புரியலை. எத்தனை குழந்தைகள் என் கையைக் கடந்து போயிருக்கும்..."

அவர் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் கணக்கு டீச்சர் தென்னை ஈர்க்குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தார். போதவில்லை என்றால் ஒரு கட்டை அவிழ்த்துப் போடு என்றார். பிள்ளைகள் அவிழ்த்தார்கள். பத்து எங்கேயும் கடன் வாங்கப்படவில்லை, அது அங்கேயே கட்டாக இருந்தது என்று அவர்களுக்குப் புரிந்தபோது ஒரு கூச்சல் எழுந்தது. கீழே கிடங்கிலிருந்து ஆள் வந்து என்ன என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவர் வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அவர் பதில் சொல்வதற்கு முன், "நீ என்ன நினைக்கறே?" என்று கேட்க ஆரம்பித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எப்படி இருந்திருப்பாரோ, அப்படி ஓர் உற்சாகம் அவர் நடையில் வந்திருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸும் நானும் சாக்பீஸ் கேட்டு வாங்கப் பள்ளிக்கூட மானேஜர் கடைக்குப் போனோம். சாலையில் ஜவுளிக்கடை அவருக்கு. திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமைக் கதையைச் சொன்னார்.

"கேளுங்க அண்ணாச்சி. இருபது வருசம் சொல்லிக்குடுத்த கணக்கு டீச்சர், நான் சொல்லிக்குடுத்தது தப்புன்னு அவங்க வாயாலேயே சொன்னாங்க. சொல்லிட்டு மாத்தியும் காட்டினாங்க. யாருக்கு வரும் அந்தத் தைரியம்?"

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எங்களுக்கு நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சம்பழச் சாறு, வரவழைத்துக் கொடுத்தார். நாங்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்தோம்.

பிறகு யுத்தம் வந்தது. அரிசி கிடைக்காமல் போயிற்று. கடைகளில் வியாபாரம் படுத்தது. சில குடும்பங்கள் ஊரோடு போய்விட்டன. இருந்தவர்களும், இங்கேயே இருக்கப் போகிற பிள்ளை மலையாளம் படித்தால்தானே ஆகும் என்று வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். ஒரு டீச்சரை நிறுத்த வேண்டும் என்று வியாபாரிகள் கமிட்டி முடிவு செய்தது.

நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக வந்தவள் நான். எனக்கும் தெரியும். வீட்டில் சொல்லிக்கூட வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்து ஹெட்மிஸ்ட்ரஸோடு பேசினார். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு. அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"கணக்கு டீச்சரை நிப்பாட்டிருவோம்."

"அண்ணாச்சி! அவங்கதான் எல்லாருக்கும் சீனியர்."

"சின்ன டீச்சர் ரெண்டு வகுப்பைச் சேத்துப் பாத்துக்கிடும். இந்தம்மாவுக்கு வயசாச்சு. அதுவுமில்லாம, தப்பாச் சொல்லிக்குடுத்தேன்னு அந்தம்மாவே ஒத்துக்கிட்டதா நீங்கதானே சொன்னீக? கமிட்டியில அதைச் சொன்னேன். எல்லாரும் சரின்னுட்டாக."

"நான் அதைப் பெருமையாட்டுல்லா சொன்னேன்! அண்ணாச்சி, அவங்களை மாதிரி ஒரு டீச்சர் இந்த ஊர்லயே கிடையாது. வேணும்னா என்னை நிப்பாட்டுங்க."

"உங்களை எதுக்கு நிப்பாட்டுதேன்? என்ன டீச்சர் இது, வெளையாட்டா?"

அவர் கெட்டவர் இல்லை. தன் வீட்டுப் பிள்ளைகளையும் எங்களிடம்தான் அனுப்பினார். அவர் காதில் விழுந்தது தப்பு என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் கமிட்டிக்காரர் ஒவ்வொருவர் கடையாக ஏறி இறங்கினார். ராஜிநாமா எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். நான் போய் என்னையே நிறுத்துங்கள் என்றேன். முடிவான விஷயம் என்றார்கள்.

கணக்கு டீச்சரைப் பார்க்க நாங்கள் இருவரும் கோட்டைக்குள் போனோம். பின்கட்டில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் வாசற்படியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் சொன்னேன் டீச்சர். அண்ணாச்சிகிட்ட நான்தான் சொன்னேன். பெருமையா சொல்லுகேன்னு நெனச்சு..."

"சாரமில்லை, போகட்டும்" என்றார் கணக்கு டீச்சர். கோபமே இல்லை அந்தக் குரலில். "நீங்க நல்லதாத்தான் நினைச்சுண்டு சொல்லியிருப்பேள். எனக்குத் தெரியாதா?"

எங்களுக்கு உட்காரப் பாய் போட்டார். மோர் கொண்டுவந்து வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆனா நான் அதை அந்த அறைக்குள்ளே சொன்னேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் அந்த மோரைத் தொடவில்லை.

வேலை இல்லாமல் ஒரு விதவை அந்தத் தெருவில் தனியாக இருக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்தில் இருந்த தம்பி வந்து அழைத்துப் போனார். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் வரவில்லை. வரத் தைரியம் இல்லை என்றார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, அவ்வளவுதான் சாமான். தம்பி சாமானை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது கணக்கு டீச்சர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வர சனிக்கிழமை உன் முறையோன்னோ? என்ன பாடம் எடுக்கப் போறே?"

அவருடைய வகுப்பு இப்போது என்னிடம் வந்திருந்தது. கணக்குப் பாடம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பஸ் கிளம்பும் வரை அவர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் பாடம் எடுத்தேன். மோசமாக எடுத்தேன். பிள்ளைகள் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச உட்கார்ந்தபோது தையல் டீச்சர், "பிள்ளைகள் நல்லாக் கவனிச்சுது" என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். ஹெட்மிஸ்ட்ரஸ் அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பயந்திருந்தார்கள். யாருக்கும் வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

"நான் எடுத்தது நல்லா இல்ல. பிள்ளைகளுக்குப் புரியல" என்று நானே சொன்னேன். ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒருவர் குடையை எடுத்துக்கொண்டார்.

அப்படியே ஒரு வருஷம்போல ஓடியது. ஹெட்மிஸ்ட்ரஸ் விடவில்லை. தானே அடிக்கடி பாடம் எடுத்தார். வேண்டுமென்றே தப்புக்கூடச் செய்து பார்த்தார் என்று நினைக்கிறேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். ஒரு மழை நாளில் பிள்ளைகள் போன பிறகு நாங்கள் வழக்கம்போல உட்கார்ந்தோம். அவர் எங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "மதி, போதும். இனிமே வேண்டாம்" என்றார். அவல் வைக்கிற பாத்திரத்தைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தக் கோடை விடுமுறையில் அவர் திருநெல்வேலிப் பக்கம் போய் அந்தக் கிராமத்தைத் தேடிப் பிடித்துக் கணக்கு டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் என் வீட்டுக்கு வந்தார். என் அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"கொல்லை வழியாத்தான் வந்தாங்க. கையெல்லாம் மாவு. ரொம்ப மெலிஞ்சு போயிட்டாங்க. உள்ளேருந்து நாத்தனாரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா தம்பி பெண்டாட்டி. நின்னு பேசக்கூட விடல. ஒவ்வொரு பிள்ளையா பேரு சொல்லிக் கேட்டாங்க. யாரு யாரு எந்தப் பள்ளிக்கூடம் போயிட்டுன்னு கேட்டாங்க. அப்புறம், சனிக்கிழமை நடக்கறதோன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க டீச்சர்?"

"நடக்குன்னேன். எல்லாரும் மனசைத் திறந்து பேசறாளான்னு கேட்டாங்க. ஆமா, முன்னைவிட நல்லாப் பேசுகாங்கன்னு சொன்னேன். அப்பிடி ஒரு சந்தோசம் அந்த முகத்துல..."

அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். என் அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் கணக்கு டீச்சர் ஜுரத்தில் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. யுத்தம் முடியும் முன்பே பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் நாகர்கோவிலுக்கே திரும்பிப் போனார். எனக்குக் கரமனைப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே வகுப்புகளுக்கு நடுவே நல்ல செங்கல் சுவர். பக்கத்து டீச்சரின் குரல்கூடக் கேட்காது.