விடியற்காலையில் ஒரு வேண்டாத விருந்தாளி

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. ராயபுரத்தில் பகலெல்லாம் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பதால், நாதஸ்வரம் எது, லாரி எது என்று பிரித்துக் கேட்க ராத்திரிதான் தோது. ஊர் எழுந்திருப்பதற்குச் சற்று முன், நாலு மணிக்குப் படுப்பேன். வெயில் ஏறியபின் எழுந்து பல் துலக்குவேன். இதனால் என் மச்சானைத் தவிர யாருக்கும் வருத்தமில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். துறைமுகத்தில் வேலை. சர்க்கரை வந்ததிலிருந்து காலையில் நடக்கிறார். தான் நடந்தால் மட்டும் போதுமா, நடக்காதவர்களைத் திருத்த வேண்டாமா? தினமும் உதிக்கிற சூரியனைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவைப்பார். நான் அதைப் பார்க்கும்போது அசல் சூரியன் உச்சிக்கு வந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சாப்பிட வந்தவர், "ஒரே ஒரு நாள் அஞ்சு மணிக்கு எழுந்து பாரு மச்சான். லைஃபே வேற மாதிரி கீதுன்னு நீயே சொல்லுவே" என்றார்.

"உடுண்ணா, அவரு பாட்டுக்குத் தூங்கட்டும்" என்றாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி. எனக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியிலேயே, அவளுக்கு ஓர் ஆச்சரியம் தரலாம் என்று அன்றைக்கு வேலையை மூட்டைகட்டிவிட்டுச் சீக்கிரம் படுத்தேன்.

ஐந்து மணிக்கு அலாரம் என்னை எழுப்பியது. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன பால்கனியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலை எதிர் நாற்காலியில் நீட்டி, தலையை விரித்துப் போட்டு, டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். போனில் ஏதோ பழைய பாட்டு, மெதுவாக. இப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். டீ புடவையில் சிந்தியது.

"இன்னாங்க, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லையே."

"ஊர்ல யாருக்காச்சும் எதுனா ஆயிடுச்சா?"

"சும்மாதான் எழுந்தேன்."

"சும்மாவா?"

பாட்டை அணைத்தாள். எனக்கு டீ போட உள்ளே போனாள். நான் அவள் நாற்காலியில் அமர்ந்து லைஃப் மாறுவதற்காகக் காத்திருந்தேன். அது மாறுவதற்குள், பால் இன்னும் வரவில்லையா, மோட்டாரை ஏன் இப்போதே போட்டாய், இந்தத் துணிக்கொடி ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று குடும்பத் தலைவனுக்குரிய அக்கறையோடு விசாரித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவள், "ஏங்க, அப்படியே பீச்சாண்ட போய் சூரியனைப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

போனேன். தெருமுனை டீக்கடைக்காரர், "இன்னா நைனா, இன்னும் தூங்கலையா?" என்று பரிவோடு கேட்டார். கடலோரக் கருங்கல் மேட்டில் ஏறி நின்றேன். புகைமூட்டத்துக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சூரியனா, துறைமுகத்து விளக்கா என்று எனக்குத் தெரியாது. நம்பிக்கையோடு படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். எட்டரை மணிக்குப் பதில் வந்தது: "சூப்பர். இன்னிக்கு எனக்கு லீவு, நல்லா தூங்கிட்டேன்."

பகலில் வேலைக்கு உட்கார்ந்தவன் தூக்கக் கலக்கத்தில் மாப்பிள்ளையை ஒரே மேடையில் இரண்டு தடவை தாலி கட்டவைத்தேன்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "நாளைக்கும் எழுந்துப்பீங்களா?"

"ஏன்?"

"இல்ல... அந்த ஒரு மணி நேரந்தான் வூட்ல யாரும் என்னைக் கூப்புடாம கீது. அப்புறம் பசங்க, ஆபீசு, நீங்கன்னு ஓடிடுது." ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டவள்போல ஒரு சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

சொல்வதற்கு என்னிடம் வழக்கம்போல ஒரு நக்கல் தயாராக இருந்தது. சொல்லவில்லை. "மாட்டேன்" என்றேன்.

ஆனால் அன்றிரவு அசதியில் சீக்கிரமே தூங்கிவிட்ட பாழாய்ப்போன உடம்பு மறுநாளும் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டது. பால்கனியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. பால்கனிக் கோடியில் இருக்கும் பாத்ரூமுக்குப் போவதானால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணை இறுக மூடி, புரண்டுகூடப் படுக்காமல், அவள் டீயை ஆற அமரக் குடித்து முடிக்கும்வரை கிடந்தேன்.