பதினாலு பெட்டிகளுக்கும் ஒரே சேதி

காலை ஆறு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. தேக்லே அப்போதுதான் அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு காட்டியது. பக்கத்து ஊரிலிருந்து சிக்மாஸின் மனைவி ஜெனொவைதே பேசினாள்.

"அக்கா, பூட்ஸ் போட உக்காந்தாரு. ஒரு கால்ல போட்டுட்டாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

சிக்மாஸுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். எந்தப் பனியிலும் பிள்ளைகளை நேரத்துக்கு இறக்கிவிடுவார். சொந்த வீட்டு விசேஷத்துக்குத்தான் கடைசியில் வந்து சேருவார். தேக்லே அவருக்கு ரத்த உறவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் அவருடைய தேனீக் கூட்டம் ஒன்று பறந்து வந்து அவள் ஆப்பிள் மரத்தில் கொத்தாகத் தொங்கியது. ஏணியோடு ஓடி வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏணியைக் கீழே வைத்தார்.

"அதுங்களே உன்னைத் தேடி வந்திருச்சு. இனி இந்த மூஞ்சியை நீ பாத்துத்தான் ஆகணும், தேக்லே."

அந்தப் பக்கத்து வழக்கப்படி ஒரு வீட்டுத் தேனீ இன்னொரு வீட்டில் குடியேறினால் இரண்டு வீடும் சொந்தம். அன்றிலிருந்து மருந்துக்கடை வேலை முடிந்த ஞாயிறுகளில் அவரோடு தேனீப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாயிற்று.

மறுநாள் அவள் போனபோது கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஓய்ந்ததும் கறுப்பு ரொட்டியும் பன்றிக்கறியும் வந்தன. கூடவே பழைய கதையும் வந்தது. சொன்னவர் சிக்மாஸின் தம்பி லியுத்விகாஸ்.

"எங்க அப்பா போனப்பவும் இதே குளிரு. அண்ணன்தான் தேனீப் பெட்டிங்ககிட்ட போய்ச் சொன்னான். பதினொண்ணுல ஒம்போது, அப்பா பின்னாடியே காலமாயிடுச்சு. தேனீக்குப் பாசம் ஜாஸ்திய்யா!"

எல்லோரும் தலையாட்டினார்கள். லியுத்விகாஸ் எழுந்து கதவோரத்து ஆணியில் தொங்கிய இரும்புச் சாவியை எடுத்தார். எஜமான் போய்விட்டான் என்று பெட்டிக்கு மூன்று தட்டாகத் தட்டிச் சொல்ல வேண்டும். அதுவும் அடக்கத்துக்கு முன்பே. அதுதான் வழக்கம்.

தேக்லே ரொட்டியைக் கீழே வைத்தாள். நாலு வருஷத்துக்கு முன், ஒரு பிப்ரவரியில், பெட்டி வாசலில் ரப்பர் குழாயை வைத்து உள்ளே ரீங்காரம் கேட்கிறதா என்று இருவரும் மாற்றி மாற்றிக் காது கொடுத்துக்கொண்டிருந்தபோது சிக்மாஸ் சொன்னது இன்னும் அவளுக்குள் இருந்தது. "அப்பா கூட்டிட்டுப் போகல தேக்லே. நான்தான். சாவியால ஓங்கி ஓங்கித் தட்டினேன். குளிருக்கு ஒண்ணை ஒண்ணு கட்டிக்கிட்டு உருண்டையா கிடந்ததுங்க. பதறிக் கலைஞ்சு, கீழ விழுந்து, விறைச்சுப் போச்சு. மார்ச்சுல தொறந்தப்பதான் புரிஞ்சுது. ஊரே அப்பா பெருமையைப் பேசுச்சு. நான் வாயத் தொறக்கல."

இறந்தவர் மூடி வைத்த விஷயத்தை அவர் தலைமாட்டிலேயே திறப்பதா? திறக்காவிட்டால் பதினாலு பெட்டிகளும் போய்விடும். லியுத்விகாஸ் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கதவை மறித்து நின்றாள்.

"தட்டாதீங்க."

"ஏன், மருந்துக்கடை அம்மா சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் தட்டணுமோ?"

யாரோ சிரித்தார்கள். அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், சிக்மாஸின் வார்த்தைகளை மாற்றாமல் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. லியுத்விகாஸ் தொப்பியைக் கழற்றினார்.

"அப்போ எங்க அப்பா..." என்று ஆரம்பித்தார்.

ஜெனொவைதே எழுந்து வந்தாள். "நாப்பது வருஷம் கூடப் படுத்தேன். எங்கிட்ட சொல்லலியே, அக்கா."

ஜெனொவைதே கொழுந்தன் கையிலிருந்த சாவியை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சேதி சொல்லாமலே புதைக்கறதா?" என்று கேட்டார் லியுத்விகாஸ்.

"வெயில் வரட்டும். அதுங்க வெளிய பறக்கிற அன்னிக்கு மெதுவாச் சொல்லலாம்" என்றாள் தேக்லே.

"சரி. இந்த மனுஷன் எனக்கே இவ்வளவு மெதுவாத்தானே சொல்லியிருக்காரு" என்றாள் ஜெனொவைதே.

அடக்கம் முடிந்தது. தேக்லே மூன்று ஞாயிறு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கூப்பிடுவார்களா என்றும் தெரியவில்லை. மார்ச் இருபத்தாறாம் தேதி தொலைபேசி அடித்தது.

"பறக்குது, அக்கா. வாங்க."

பனிமேல் மஞ்சள் மஞ்சளாகத் தேனீக்களின் எச்சம் சிதறிக் கிடந்தது. பதினாலு வாசலிலும் தேனீக்கள் வெயிலுக்கு இறக்கையை உதறிக்கொண்டிருந்தன. ஜெனொவைதே சாவியை எடுக்கவில்லை. விரலை மடக்கி, தூங்குகிற வீட்டின் கதவைத் தட்டுவதுபோலத் தட்டினாள். "சிக்மாஸ் போயிட்டாரு. இனிமே நான்தான் வருவேன்." அடுத்த பெட்டி. மறுபடி அதே வார்த்தைகள். தேக்லே இரண்டடி பின்னால் நடந்தாள்.

கடைசிப் பெட்டிக்கு எதிரே ஜெனொவைதே மடக்கிய விரலோடு வெகுநேரம் நின்றாள். பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "காபி ஆறிடும், வாங்க" என்றாள்.

இப்போது மே மாதம். பதினாலாவது பெட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.