மீனா அக்காவின் ரிங்டோன்

போன வாரம் எதிர்வீட்டு மீனா அக்காவின் போன் விடாமல் அடித்தது. அவர் அதையே பார்த்தபடி நின்றார்... எடுக்கவில்லை.

அழைத்தவர் அவருடைய கணவர். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், கரை திரும்பும் வழியில் டவர் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசுவது வழக்கம். சென்ற ஆண்டு அப்படி வந்த அழைப்பில்தான், அதே படகில் போன அக்காவின் தம்பி கடலில் தவறிய செய்தி வந்தது. அதன்பின் அந்த ஒலி கேட்டாலே அக்காவுக்கு வியர்க்கிறது.

"எடுக்காங்காட்டி எங்க வூட்டுக்காரு அங்க பேஜாராவுது. இனிமே போனே பண்ணமாட்டேன்னு சொல்லிகினு கீது. நா இன்னாம்மா பண்ணுவேன்?" என்றார் அக்கா.

நான் இலக்கிய மாணவி. விருப்பப் பாடம் உளவியல். அதில் நடத்தைவாதம் என்றோர் அணுகுமுறை உண்டு. மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று அது கேட்பதில்லை. வெளியே தெரியும் நடத்தையை மட்டும் பார்க்கும். மணியோசையோடு உணவு கண்டு பழகிய நாய்க்கு, மணி கேட்டாலே எச்சில் ஊறுகிறது அல்லவா? அக்காவுக்கு அந்த ஒலியோடு ஒரு மரணம் சேர்ந்துவிட்டது. சேர்ந்ததைப் பிரிக்க முடியாதா?

ரிங்டோனை மாற்றினோம் — ஒரு கானா பாட்டு. தினமும் என் வீட்டிலிருந்து அழைத்தேன். எடுத்தால் நல்ல செய்தி மட்டும்: டீ தயார், தண்ணி லாரி வந்துவிட்டது.

"எதிர்வூட்ல கீற, ஒரு கொரல் குட்த்தா கேக்காதா? காலேஜ்ல இத்தான் சொல்லித் தர்றாங்களா?"

அக்கா சிரித்தார். ஆனால், எடுத்தார். தெருவில் போன ஆட்டோவில் அதே பாட்டு ஒலித்தபோது, அவர் கை தானாகப் போனைத் தேடியது! இதுதான் அந்த அணுகுமுறையின் பலம். பழைய துயரத்தைக் கிளற வேண்டியதில்லை. மாற்றத்தைக் கண்ணால் காணலாம்.

நேற்றுக் காலை கணவர் அழைத்தார். அக்கா உடனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தயக்கம் துளியும் இல்லை. நான் மனத்துக்குள் எனக்கே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

அக்கா 'ஹலோ' கூடச் சொல்லவில்லை. "அல்லாரும் கீறீங்களா?"

"கீறோம்மே. இன்னாமே, போனெல்லாம் எடுக்குற!"

"அல்லாரும்னா? பேர் பேரா சொல்லு."

கணவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். கடைசிப் பெயர் வரும்வரை அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

அந்த அச்சத்தை எந்த ரிங்டோனால் மாற்றுவது? உள்ளே பார்க்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்ட கோட்பாட்டிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

பாடப்புத்தகத்தின்படி மீனா அக்கா குணமாகிவிட்டார் — அதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.