ராஜாவின் முகத்தில் விழுந்த முத்திரைகள்

அந்தக் காசில் ஒரு ராஜாவின் முகம் இருந்தது. தடித்த மூக்கு, சுருண்ட முடி, தூக்கிய மோவாய். ஆனால் சின்ன வயதில் என் கண்ணில் பட்டதெல்லாம் அந்த முகத்தின் காயங்கள்தாம். கன்னத்திலும் நெற்றியோரத்திலும் கழுத்திலும் அரிசி அளவில் பள்ளமான குறிகள். கப்பலில் ஃபிட்டராக இருந்த அப்பா, சிங்கப்பூரில் பழைய சாமான் விற்பவனிடம் வாங்கி வந்த வெள்ளிக்காசு. ஸ்பெயின் நாட்டுக் காசு என்றார். ராஜாவை யார் இப்படிக் குத்தினார்கள் என்று கேட்டேன். அடுத்த தபா வரும்போது சொல்கிறேன் என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு காசிமேட்டு நண்பர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அடுத்த தபா கப்பல் மட்டும்தான் வந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் திரும்ப ஏறவில்லை என்று, கூட வேலை பார்த்தவர் காலடிப்பேட்டை வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். செத்துப்போயிருந்தால் அழுது முடித்திருப்போம். எங்கேயோ உயிரோடு இருக்கிற ஆளுக்காக எவ்வளவு நாள் அழுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காசைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவர் அம்மாவைக் கேட்டு வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. பெரிய உடம்பு, சின்னக் குரல். எண்ணெய் வாசனை போகாத கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் பேசுவதற்கு முன் என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் இந்த வூட்டுக்கு வர்றதுல உனுக்கு இஸ்டமாம்மா?” என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. உள்ளே போய்விட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வந்து அதையே திரும்பக் கேட்டார். மூன்றாவது முறை நான் தலையாட்டிய பிறகுதான் கல்யாணம் நடந்தது.

ஆனாலும் அவரைக் கூப்பிட எனக்கு ஒரு சொல் வாய்க்கவில்லை. ‘இந்தாங்க’, ‘சாப்பாடு ஆச்சு’ என்று முகம் பார்க்காமல் சொல்லிக் காலம் போனது. பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துக் கேட்டால் அவர்தான் வந்து போடுவார், எழுத்துக்கூட்டி, நிதானமாக. என் பெயருக்கு முன்னால் இருந்த இன்னொருவரின் இனிஷியலை ஒருநாளும் அவர் மாற்றச் சொன்னதில்லை. அம்மாவே ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தபோது, “அது அவ பேரு. அத்த ஏன் தொடணும்?” என்று முடித்துவிட்டார்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா திரும்பி வந்தார். வீட்டுக்கு அல்ல, ராயபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு. மகளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். கிரேன் ஓட்டுபவர்தான் சட்டை மாற்றிக்கொண்டு, “வா, நான் இட்டுகினு போறேன்” என்றார். லாட்ஜ் வாசலில், “நான் எதிருல டீக்கடையில கீறேன். பொறுமையா பேசிட்டு வா” என்று சொல்லி நின்றுகொண்டார்.

அப்பா இளைத்திருந்தார். முன்பற்கள் இல்லை. வேறு நாட்டில் வேறு குடும்பம் இருப்பதாக அவரே சொன்னார். மறுவாரம் அங்கேயே போகிறாராம். கட்டிலின் விளிம்பில் அவரும், ஜன்னலோர நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன், அந்தக் காசை ஏன் அப்படிக் குத்தியிருந்தார்கள் என்று.

அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “அது இன்னும் கீதா? அந்தக் காலத்துல ஸ்பெயின் வெள்ளி எல்லா ஊருக்கும் போவும். சில ஊருல சொந்தக் காசு பத்தாது. சர்க்காரே வெளியூரு காசு மேல தன் முத்திரைய அடிச்சு, இது இங்கயும் செல்லும்னு வுட்டுடும். நம்ம காசுல கீறது சீனா யாவாரிங்க குத்துனது. ராஜா யாருன்னு அவனுக்கு இன்னா தெரியும்? தட்டிப் பாப்பான், எடை போடுவான். வெள்ளி சுத்தம்னா தன் முத்திரைய ஒரு குத்து. நாளைக்கு எவனாவது இது கள்ளக்காசுன்னு வந்து நின்னா, முத்திரை குத்தனவந்தான் பொறுப்பு.”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியே எதிர்ச்சாரியைப் பார்த்தார். டீக்கடை ஓரம், வெயிலில், கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி அந்தப் பெரிய உடம்பு நின்றிருந்தது. “அந்த ஆளா?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லா பாத்துக்கிறானா?” அதற்கும் ஆமாம் என்றேன். ஜன்னலிலிருந்து திரும்பாமலே, “இனிஷியலு என்னுதுதான் போட்டுகினு கீறியா?” என்று கேட்டார். “மாத்த வேணாம்னு அவருதான் சொன்னாரு” என்றேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து கீழே வந்தேன்.

டம்ளரில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. என்ன பேசினோம் என்று அவர் கேட்கவில்லை. “சாப்ட்டியா?” என்றார். “இல்ல நைனா” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, அதுவாக வந்தது. அவர் டீக்கடைக்காரனிடம் திரும்பி இரண்டு பன் கேட்டார். குரல் கேட்காமல் அவன் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

அப்பாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அம்மா காலமான பின் அந்த வீட்டில் நைனாவும் நானும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. எண்ணூரில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை. சாயங்கால ரயிலில் திருவொற்றியூரில் இறங்கினால், பூக்கார அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் குடையோடு நிற்பார். மழை, வெயில் என்றில்லை. வீடுவரை அதிகம் பேச மாட்டோம். சில நாள் மீன் விலை, சில நாள் முட்டி வலி.

போன வருடம் ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. சுடுகாட்டில் பெயர் எழுதிக்கொண்டவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்பா பேரு வேற கீதேம்மா. நீ இவருக்கு இன்னா வேணும்?” “மகள்” என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

காரியம் முடிந்து மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், சாயங்கால ரயிலில் இறங்கினேன். ஊருக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்த பூக்கார அக்காவுக்கு எதுவும் தெரியாது. “இன்னாமா, நைனா இன்னும் காணோம்?” என்றாள். சொன்னேன். அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். பிறகு கூடையைத் தன் பக்கம் இழுத்து இடம் விட்டு, “கொஞ்ச நேரம் குந்து, அப்பாலிக்கா போலாம்” என்றாள். கூட்டம் கரைந்தது. வீட்டில் எனக்காக யாரும் விளக்குப் போட்டிருக்கப் போவதில்லை. அடுத்த ரயில் வந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.