சுவக்கீன் தன் வாயில் கைவைத்த கதை

மூணாறு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் பல் லேபில் சுவக்கீன் வெகுகாலமாகச் செயற்கைப் பல் செய்கிறார். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் பிளாஸ்டர் வாயில் பல் வைத்துத் திருப்பி அனுப்புவார். ஆள் வாயில் கைவைக்கும் உரிமை பதிவு பெற்ற டாக்டருக்கு மட்டும்தான். பல் வாயில் சரியாக உட்காரவில்லை, ‘கொஞ்சம் ராவவும்’ என்று டாக்டரிடமிருந்து சீட்டு வந்தால் அவருக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

மகள் ரிஞ்சுவின் கல்யாணம் நெருங்கும்போது மாட்டுப்பட்டி வளைவில் ஸ்கூட்டர் வழுக்கி, அவருடைய மேல் வரிசை முன்பற்கள் நான்கும் போயின. சர்ச்சில் பைபிள் வாசகம் வாசிக்க வேண்டியது அவர்தான். ரிஞ்சு ஆசையாகக் கேட்டிருந்தாள். இப்போது ‘சகோதர சகோதரிகளே’ என்றால் காற்றுதான் வந்தது.

“டாக்டரம்மாட்ட போய்க் காட்டுங்களேன்” என்றாள் மனைவி இருதயம்மாள்.

“என் வாயி, என் கையி. இதுக்கும் இன்னொருத்தர் ஒப்பு போடணுமாக்கும்?”

கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. தன் தலையைத் தானே வாரிக்கொள்ள யாரும் உத்தரவு வாங்குவதில்லை. புண் ஆறியதும் லேபிலிருந்து அச்சு மாவைக் கொண்டுவந்து, கண்ணாடி முன் நின்று, குமட்டக் குமட்ட அச்சு எடுத்தார். அதை வைத்துச் செய்த பல் பிளாஸ்டரில் அச்சாகப் பொருந்தியது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயில் மாட்டி மூடினால் கீழ்ப்பல் இடித்தது. ராவினார், ஆடியது. “சகோதர” என்றார், பல் கழன்று வாசகப் புத்தகத்தில் விழுந்தது. இருதயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவருக்கு உண்மையிலேயே வலித்தது. பல்லைத் தெரியும், வாயைத் தெரியவில்லை. தொட விடாததால் தெரியவில்லை. தெரியாததால் தொட விடவில்லை. இதில் எது முதலில் வந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

வீம்பை மூட்டை கட்டிவிட்டு டாக்டர் சிஞ்சுவின் கிளினிக்கில் போய் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஓர் எஸ்டேட் அம்மாள் புதுப் பல்லோடு வெளியே வந்தாள். பார்த்ததுமே தெரிந்தது, இவர் கை வேலை.

“நல்லாருக்காண்ணே?” என்று இவரிடமே சிரித்துக் காட்டினாள். “இனி முறுக்கு திங்கலாம்னு சொல்லிட்டாக.”

சுவக்கீனுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் செய்த பல் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. ஓட்டை வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

டாக்டர் எடுத்த அச்சு மறுநாள் அவர் மேஜைக்கே வந்தது. சீட்டில் நோயாளியின் பெயர், சுவக்கீன். செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் மாட்டிவிட்டு, கடிக்கச் சொல்லி, “கொஞ்சம் ராவணும்ணே” என்றார். இந்தத் தடவை கோபம் வரவில்லை.

“டாக்டரே, மத்தவங்களுக்கு மாட்டும்போது நானும் பக்கத்துல நிக்கட்டுமா? கை வைக்கமாட்டேன்.”

“பாக்குறதுக்கு என்னண்ணே, தாராளமா வாங்க.”

கல்யாணத்தில் ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் வாசித்தார். அடுத்த திங்கட்கிழமை கிளினிக்கில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.