பூட்டு நன்றாகத்தான் இருந்தது

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் தடி பிடித்த கை, பேனாவையும் அப்படியே இறுக்கிப் பிடிக்கிறது. வரி மேலே ஏறும், திடீரென்று கீழே இறங்கும். 'ஞ' எழுதும்போதெல்லாம் எந்தப் பக்கம் வளைப்பது என்று நின்று யோசிக்கிறேன். இந்தத் தாள்களை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. வகுப்புச் சுவரில் ஒட்டியதும் கிட்டே வந்து படியுங்கள்.

தமயந்தி டீச்சர் இறந்த செய்தியை நானே படித்தேன். வாசலில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. முன்பெல்லாம் சாவுச் செய்தி என்றால் யாராவது படித்துச் சொல்வார்கள். அன்று பக்கத்தில் யாரும் இல்லை. "நம் டீச்சர் இன்று காலை சேலம் ஆஸ்பத்திரியில் காலமானார்" என்று இருந்தது. படித்து முடித்ததும், துக்கத்துக்கு முன்னால், எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டோமே என்று ஒரு சந்தோஷம் வந்தது. அதற்கு வெட்கப்படுகிறேன். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாகலூரில் நம் வகுப்பு தொடங்கியபோது பதினோரு பெண்களும் நான் ஒருவனும் இருந்தோம். முதல் நாள் நான் கதவருகே சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எஸ்டேட் வாச்சராக இருந்து, சாயங்காலம் கேட்டில் நின்று இதே பெண்கள் சோறு கொண்டுவரும் தூக்குப்போசியைத் திறந்து காப்பிக்கொட்டை இருக்கிறதா என்று பார்த்தவன் நான். அவர்கள் நடுவில் 'அ' எழுதத் தெரியாமல் உட்காருவது எப்படி? டீச்சர் என்னைத் திரும்பச் சொல்லவில்லை. பலகையைத் தூக்கிவந்து நான் பார்த்த சுவரிலேயே மாட்டினார். பதினோரு பேரும் எழுந்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"நொம்ப மெதுவா வருதுங்க டீச்சர்" என்று ஒருநாள் சொன்னேன். "எழுத்து எங்கீங்க ஓடப்போகுது? நீங்க மெதுவாவே வாங்க" என்றார். அறையின் சாவியையும் என்னிடமே கொடுத்தார். "நீங்க வாச்சரு. சாவி உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதி."

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பலர் வகுப்புக்கு வர முடியாது. அவர்கள் பிறகு வந்து பார்க்க டீச்சர் பாடங்களைப் படம் பிடித்து, அறையிலேயே இருக்கும் வகுப்புப் போனில் வைத்திருந்தார். திரையில் ஓர் எழுத்து வரும். டீச்சர் அதைச் சொல்வார். பிறகு வகுப்பில் ஒருவர் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு வாக்கியத்தைத் தன் வாழ்க்கையிலிருந்து சொல்வார். என்னுடையது 'த'. "தடி இல்லாம எனக்கு நடக்க வராது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வாழவந்தியிலிருந்து வரும் ருக்குமணிக்கு வந்தது 'ப'. அவர் தன் வீட்டைப் பற்றியும் தன் புருசனைப் பற்றியும் ஒன்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை இங்கே எழுதியிருந்தேன். ருக்குமணி அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன்.

"இது இந்த ரூமத் தாண்டாது" என்று டீச்சர் அன்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்.

எனக்கு வீட்டிலும் படிக்க ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறந்து, போனை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி ஒண்டிக்கடை கடைவீதிக்குப் போனேன். அங்கே ஒரு செல்போன் கடையில்தான் நாங்கள் புதுப்படமும் பாட்டும் ஏற்றிக்கொள்வது. கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பெரியவரே, இதென்ன படம்? நான் கேள்விப்படவே இல்லியே" என்றார்.

"எழுதப் படிக்கக் கத்துக்கறதுங்க."

"இந்த வயசுலயா? கலெக்டரானா எங்களை மறந்துராதீங்க."

தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதிலிருந்து என் மெமரி கார்டுக்கு மாற்றித் தந்தார். பொழுது சாய்வதற்குள் போனைத் திரும்ப வைத்துப் பூட்டினேன்.

டீச்சரைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகள் திருட்டைப் பிடித்தவன் நான். மூட்டையில் எடை குறைந்தால் திருட்டு, கொடியில் மிளகு குறைந்தால் திருட்டு. இதில் எது குறைந்தது? போன் வைத்த இடத்தில் இருந்தது, பாடங்கள் போனில் இருந்தன. படமும் பாட்டும் ஏற்றியபோதும் இப்படித்தான் நினைத்தேன். அதை எடுத்தவர்கள் என்று யாரோ இருப்பார்கள் என்பதே என் மனதில் வந்ததில்லை.

ஆனால் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ஒன்று தங்கிவிட்டது. அவர் யாருக்கோ கொடுத்தார், அவர் இன்னொருவருக்கு. ருக்குமணி பேசியதை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். பத்து நாளில் அதை ஒண்டிக்கடை டீக்கடையில் நானே கேட்டேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அதே வாரம் அது ருக்குமணியின் புருசன் காதுக்கும் போனது. ருக்குமணி வகுப்புக்கு வருவது நின்றது.

டீச்சர் எங்களைக் கேட்டார். "யாராச்சும் வெளிய குடுத்தீங்களா?" பிறகு என் பக்கம் திரும்பி, "பூட்டு நல்லாத்தானுங்களே இருந்துச்சு?" என்றார்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அதை நினைக்கும்போது உடம்பு கூசுகிறது. டீச்சர் தன்னுடைய கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டு, வகுப்புப் போனில் இருந்ததை அழித்தார். மழையில் வாழவந்திக்குப் போய் ருக்குமணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். கூடப் போன பெண்கள் சொன்னார்கள். நான் அன்று அறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் நான் அந்தக் கார்டில்தான் படித்தேன். பாடம் தொடங்கும் முன் திரையில் ஒரு வரி வரும். தினமும் அதை விரலால் தள்ளிவிடுவேன். ஒருநாள் தள்ளாமல் எழுத்துக் கூட்டினேன். 'இதில் பேசுபவர்களைக் கேட்காமல் பிரதி எடுக்க வேண்டாம்.' யார் உதவியும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியம் அதுதான். குதிக்க வேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே மறுநாள் வகுப்பில் கேட்டுவிட்டேன்.

"டீச்சர், பிரதின்னா என்னங்க?"

"ஒண்ணைப் பாத்து அதே மாதிரி இன்னொண்ணு எடுத்துக்கறது" என்று சொல்லிவிட்டு, சற்று நின்று, "அந்த வார்த்தைய எங்கீங்க பாத்தீங்க?" என்றார்.

நான் எடுத்ததும் பிரதிதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "பஸ்ல எழுதியிருந்துச்சுங்க."

"பஸ்லயா" என்றார். பலகைப் பக்கம் திரும்பி எழுதினார். சாவியைத் திருப்பிக் கேட்பார் என்று அன்று முழுதும் காத்திருந்தேன். கேட்கவில்லை.

டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாம் எல்லோரும் பஸ்ஸில் மலையிறங்கிப் போய்ப் பார்த்தோமே, அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் எல்லோரும் முன்னால் நடந்த பிறகு நான் கட்டிலருகே நின்றேன். வாய் வரவில்லை. டீச்சர்தான் பேசினார். "சொல்ல முடியலீன்னா எழுதிக் குடுங்க. இப்பத்தான் எழுத வருதே. நான் படிச்சுக்கறேன்."

"சரிங்க டீச்சர், அடுத்த வாரம் எழுதிக் கொண்டாரேன்" என்றேன். அடுத்த வாரம் வரை அவர் இருக்கவில்லை.

எழுதி முடித்ததும் முதலில் ருக்குமணி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க வாச்சரண்ணா, அத்தனை வருசம் எந்தூக்குப்போசியத் தொறந்து தொறந்து பாத்தீங்களே, என்னிக்காச்சும் ஒரு கொட்டை கெடைச்சுதுங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"டீச்சர் எங்கையப் புடிச்சுட்டு அழுதாங்க. அவங்க மேலதான் தப்புன்னு நானும் ரெண்டு வார்த்தை கடுசாப் பேசிப்போட்டேன். அத நா இப்ப யாருகிட்டப் போயித் திருப்பி எடுத்துக்கறது?"

 

தாள்களை நீட்டி, இதை வகுப்புச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டேன். "மொதல்ல படிங்க" என்றார். படித்தேன். ஒரு வாக்கியத்தை அடிக்கச் சொன்னார். பெயரையும் அடிக்கட்டுமா என்றேன். "எம்பேரு இருக்கட்டும். தப்புப் பண்ணுனது நானில்லையே." அவர் பேசியதை அங்கேயே உட்கார்ந்து கடைசியில் சேர்த்து எழுதி, மறுபடியும் படித்துக் காட்டினேன்.

மெமரி கார்டையும் அவர் கையில் கொடுத்தேன். வகுப்புப் போனில் இருந்ததை டீச்சர் அப்போதே அழித்துவிட்டார். நானறிய டீச்சரின் குரல் முழுதாக இருப்பது இந்தக் கார்டில் மட்டும்தான். ருக்குமணியின் குரலும் அதில் இருக்கிறது. வைப்பதா அழிப்பதா என்பதை நான் சொல்லக் கூடாது. அவர் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "அடுத்த வாரம் வாங்க, சொல்றேன்" என்றார்.

கார்டு இல்லாமல் டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, அவர் திருப்பிக் கேட்காத சாவி. அதை இந்தத் தாளோடு மேசைமேல் வைக்கிறேன், யார் வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இன்னொன்று இந்த எழுத்து. அதை என்னால் திருப்பித் தர முடியாது.

அடுத்த வாரம் வாழவந்திக்குப் போகிறேன். ருக்குமணி சொல்வது எதுவானாலும், எழுதலாமா என்று அவரைக் கேட்டுவிட்டு, இதே சுவரில் எழுதுகிறேன்.